புவனாவின் மகளுக்குரிய வீடு

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. "செத்தவ செத்துட்டா அம்மா. அந்தப் புள்ள எங்கயோ நல்லா இரிக்கிதானே. இப்ப என்னத்துக்கு இதக் கிண்டுறீங்க? கலியாணம் குழம்பிடும்" என்றாய். அதோடு நிறுத்தாமல், "அவ உங்கட கூட்டாளி, எனக்கென்ன?" என்றும் கேட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் வேறு கோல் வருகிறது என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ எத்தனை தரம் மடித்து வைத்தாலும் கடிதம் தான் சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். இதை ஒளித்து வைத்து வாசிக்க வேண்டாம். உன்னோடு வங்கியில் வேலை செய்கிறவர்கள் வாசித்தாலும் சரி, உன் வருங்கால மாமனார் வாசித்தாலும் சரி. வாயை மூடிக்கொண்டு இருந்துதான் இந்த ஊரில் இவ்வளவும் நடந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன்.

புவனாவை நீ நினைவு தெரிந்த பிறகு அறிந்தவன். உனக்கு அவள் சனிக்கிழமைகளில் ரொட்டி சுட்டுக்கொண்டு வருகிற, காது கொஞ்சம் மந்தமான புவனா சின்னம்மா. எனக்குத் தெரிந்த புவனா வேறு. தேற்றாத்தீவுச் சங்கக்கடையில் நாங்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அரிசி நிறுப்பவள் நான், பில் துண்டு எழுதுபவள் அவள். கல் கலந்த பருப்பு வந்தால் சாக்கின் வாயைக்கூட அவிழ்க்க விடமாட்டாள், வந்த லொறியிலேயே திருப்பி ஏற்றுவாள். மனேஜர் கத்தினால் அவள் அவரைவிடப் பெரிதாகக் கத்துவாள். மறுகா என்னைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நீ கண்டதே இல்லை. நீ பேச்சு விளங்குகிற வயதுக்கு வருமுன்னமே அதை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

அரிசி ஆலைக்கு மூட்டை இறக்க வந்த ராமையாவைத்தான் அவள் கட்டினாள். பதுளைப் பக்கத்து ஆள், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், நிமிர்ந்து பேசாத மனுசன். பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். அவளுடைய அண்ணன் கனகரெத்தினம் வரவில்லை. "தோட்டக்காட்டான் ஒருத்தனுக்குக் கழுத்த நீட்டினவள் என்ர தங்கச்சி இல்ல" என்று சந்தியில் நின்று சொன்னார். ஆனால் வீட்டை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நம்முடைய ஊரில் வீடு பெண்ணுக்கு என்பது உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்பிள்ளை தன் உடுப்பை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறவன், நீயும் அப்படித்தான் போகப் போகிறாய். அவர்களுடைய தாய் உயிரோடு இருக்கும்போதே அந்த வீட்டைப் புவனாவின் பெயரில் எழுதிவிட்டாள். கனகரெத்தினம் சரசுவைக் கட்டிச் சரசுவின் வீட்டில் இருந்தார்.

யுத்தம் கடுமையாக இருந்த ஒரு நாள், ராணுவம் பஸ்ஸை மறித்து ஆண்களை இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். அந்த வரிசையில் ராமையாவும் நின்றார். பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு புவனா அவரைத் தேடி ராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கினாள். அந்த நேரத்தில்தான் அண்ணன் திடீரென்று அண்ணனானார். வந்து தலையைத் தடவினார். இங்கே இருந்தால் ஆபத்து, மலைப்பக்கம் ஒரு இல்லம் இருக்கிறது, பிள்ளை பிறக்கும் வரைக்கும் அங்கே இரு என்று கூட்டிக்கொண்டு போனார். ஊரில் வேறு கதை சொன்னார். தங்கச்சிக்குச் சுகமில்லை, வைத்தியத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். அவள் பிள்ளைத்தாச்சி என்பது எங்கள் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும்.

பெண்பிள்ளை பிறந்தது. அவள் வீட்டுக்கு வந்தபோது கையில் பிள்ளை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லிச் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அண்ணன் பக்கத்தில் நிற்கிறார், நம்பிப் போட்டாள். நீ முன்னால் வீட்டுக்குப் போ, பிள்ளைக்குச் சுகமானதும் நான் கொண்டு வருகிறேன் என்று அவளை அனுப்பினார். மறுகா அவர் மட்டும் வந்தார். பிள்ளை தவறிவிட்டது, அங்கேயே அடக்கம் செய்துவிட்டேன் என்றார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அந்த மாதம்தான் நீ பிறந்தாய். எனக்கு நெருப்புக் காய்ச்சல். எழுந்து உட்கார முடியாது, மார்பில் ஒரு சொட்டு இல்லை. ஊரடங்கு, கடைகள் பூட்டு, பால்மாவுக்கு எங்கே போவது? உன் அழுகைச் சத்தம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போனது. உன் அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். புவனா ஒரு பின்னேரம் வந்தாள். சட்டை நனைந்திருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நீ குடிக்கிற சத்தம் பாயில் கிடந்த எனக்குக் கேட்டது. மாதக்கணக்கில் அவள்தான் உனக்குப் பால் தந்தவள். யாருடைய பால் என்று இப்போது நீயே கணக்குப் பார். "இவனுக்குச் சொல்லாதகா. பால் குடுத்த எண்டா எந்தப் புள்ளைட பால் எண்டு சனம் கேக்கும். அண்ணன்ட மானம் போயிரும்" என்று என்னிடம் சொன்னாள். அவருடைய மானத்தை அவள்தான் காப்பாற்றினாள். முப்பது வருடத்துக்கு மேல் காப்பாற்றினாள். அந்தச் சொல்லுக்காகத்தான் நானும் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது அவள் இல்லை, அவருடைய மானத்தைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக்கு அவளோடு போவோம். நீ கச்சான் கடலை வாங்கித் தா என்று அழுவாய். மாமாங்கத் தீர்த்தத்தில் எல்லோரும் செத்தவர்களுக்காக முழுகுவார்கள். ராமையாவுக்காக அவள் ஒரு வருடமும் முழுகியதில்லை. நான் கேட்டேன். "அவர் செத்ததெண்டு ஆரும் எனக்குச் சொல்லல்லகா. சொல்லாம எப்பிடிச் செய்யிற? புள்ளைக்குத்தான் செய்யிறன். அது அண்ணன் சொன்னதுதானே" என்றாள். வருடா வருடம் அந்தக் குளத்தில் தலை நனைய நின்று தண்ணீர் விட்டாள். கரையில் கனகரெத்தினமும் பட்டுவேட்டியோடு நிற்பார். அவர் எங்கள் ஊர்க் கோயிலில் தன் தாய்வழிக் குடியின் சார்பில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர், கோயில் பூட்டுகளின் திறப்புக் கொத்து அவருடைய கையில். தங்கச்சி முழுகி எழும்பும் வரைக்கும் காத்து நின்று துவாய் கொடுப்பார். துவாயைக் கொடுக்கிறபோது அந்த மனிதனின் மனதில் என்ன ஓடியிருக்கும்? ஒன்றும் ஓடியிருக்காது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

பிள்ளை இல்லாதவளுக்கு எதற்கு ஒரு முழு வீடு? அப்படித்தான் தொடங்கியது. சரசுவின் வீட்டை அவர்களுடைய மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள். கனகரெத்தினம், சரசு, சின்னவள் நிரோசா மூன்று பேரும் புவனாவின் வீட்டுக்கு வந்தார்கள். முன்பக்கத்துக்கு மாபிள் பதித்தார்கள், மேலே ஒரு தட்டுக் கட்டினார்கள். புவனாவின் கட்டில் பின்னறைக்குப் போனது. தன் வீட்டில் அவள் ஒண்டிக்கொண்டு இருந்தாள். அவளுக்கு வாரிசு தான்தான் என்று சொல்லி, அந்த வீட்டைத்தான் கனகரெத்தினம் இப்போது நிரோசாவுக்குச் சீதனமாக எழுதப் பார்க்கிறார். அந்த மாபிளில்தான் நீ மாப்பிள்ளையாகக் கால் வைக்கப் போகிறாய்.

போன வருடம் புவனாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் பகல் சரசு சூப் கொண்டு வந்தாள். கரண்டியால் பருக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தாள். "புவனா, ஒங்கட புள்ள சாகல்ல. நாந்தான் மடியில வச்சிக் கொண்டுபோய்க் குடுத்த. ஒரு சிங்கள ஆக்கள்ட்ட. ஒங்கட அண்ணன் என்னச் சாமிக்கு முன்னால சத்தியம் பண்ண வச்சவர்" என்றாள். நான் கட்டிலின் மற்றப் பக்கம் நின்றேன். புவனா அழவில்லை. "புள்ளைக்கு என்ன சட்டை போட்டிரிந்த?" என்று மட்டும் கேட்டாள். "மஞ்சள் சட்ட. குளிர் எண்டு கம்பளியும் சுத்தின" என்றாள் சரசு. "நல்லம்" என்றாள் புவனா. சரசு போன பிறகு என் கையைப் பிடித்தாள். "உசிரோட இரிந்த புள்ளைக்குத் தண்ணி விட்டிரிக்கன்கா" என்றாள். பின்னேரம் தோடம்பழத்தோடு அண்ணன் வந்தபோது பழைய சங்கக்கடைப் புவனாவின் குரல் வந்தது. "அண்ணன், எழும்பிப் போங்க. இனி இந்த வாட்டுக்குள்ள வராதீங்க." சுற்றியிருந்த கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பழத்தை வைத்துவிட்டுப் போனார். அதை நான் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

என்னைத் தேடச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த நாளே தத்துப் பிள்ளைகளின் பதிவு இருக்கிற அலுவலகங்களுக்கு அலையத் தொடங்கினேன். அந்த இல்லம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பழைய விபரம் கேட்பதென்றால் பெற்ற தாய் நேரில் வர வேண்டும் என்றார்கள். தாய் கையில் ஊசியோடு படுத்திருக்கிறாள் என்றேன். அப்படியென்றால் சுகமான பிறகு வரச் சொல்லுங்கள் என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த பெண், தலையை நிமிர்த்தாமல். சில கிழமைகளில் புவனா போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து திரும்பவும் போனேன். அதே பெண், அதே கதிரை. "தாய் இறந்துட்டாவே அம்மா, இனி யாரும் கேட்க ஏலாது. நீங்க அவக்கு என்ன முறை?" என்றார். கூட்டாளி என்றேன். "கூட்டாளிக்குச் சட்டத்தில இடமில்ல" என்றார். நான் சண்டை பிடித்தேன். உயிரோடு இருக்கிறபோது வர முடியாதவள் என்று அனுப்பினாய், செத்த பிறகு செத்தவள் என்று அனுப்புகிறாய், உன் சட்டத்தில் ஒரு தாய் எந்த நிலையில் இருந்தால் அவளுக்கு இடம் கிடைக்கும் என்று கேட்டேன். காவலாளி வந்து மெதுவாக என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனுசன் தண்ணீர் தந்தார். அலுவலகத்துக்குள் ஒருவரும் தரவில்லை.

இடம் ஞாபகமில்லை என்று அதுவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்த சரசு ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். உனக்கும் நிரோசாவுக்கும் கலியாணப் பேச்சு அதற்கு முன்னமே முற்றாகியிருந்தது. அவள் குசினி வாசலில் நின்றுகொண்டு, "குருணாகலுக்குக் கிட்ட ஒரு டவுன். பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால பாமசி. அவங்கட சொந்தக் கட" என்றாள். ஞாபகமில்லாமல் இல்லை, புருசனுக்குப் பயம். பிறகு என்ன தைரியம் வந்தது என்று கேட்டேன். "எண்ட மகள் கலியாணப் பொம்பிளையாகப் போறாள். அந்த வீட்டுல கும்பம் வைக்க எனக்குப் பயமா இரிக்கி" என்றாள். கலியாணச் சேலை எடுக்கக் கொழும்புக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். உனக்கும் அதே பொய்யைத்தான் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பாமசி அதே இடத்தில் இருந்தது. கவுண்டரில் முப்பது தாண்டிய ஒரு பெண். பின்னால் கதிரையில் ஒரு வயதானவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நான் தலையிடிக் குளிசை கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள் கொடுத்தபோது, குளிசை அட்டையின் ஒரு மூலை கிழிந்திருந்ததைக் கண்டு அதை வைத்துவிட்டு வேறொன்று எடுத்தாள். முகம் புவனாவோடு அவ்வளவு ஒத்துப்போகவில்லை. அந்தக் காரியம் ஒத்துப்போனது. சரசு அதற்குள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்து வந்தார். சரசுவை உற்றுப் பார்த்தார். "இந்த அம்மாதான் பிள்ளையைக் கொண்டு வந்தவர்" என்று மகளிடம் சிங்களத்தில் சொன்னார். உன் அப்பாவோடு பொலன்னறுவை ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த காலத்தில் நான் பழகிய சிங்களம் அன்றைக்குக் கைகொடுத்தது.

அவளுடைய பெயர் திலினி. தத்தெடுத்த பிள்ளை என்பதை அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். பெற்ற தாய் மட்டக்களப்புத் தமிழ்ப் பெண் என்றும், பிரசவத்திலேயே இறந்துபோனாள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று நான் எழுதத் தேவையில்லை. வளர்த்த தாய் உயிரோடு இருந்தவரைக்கும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பெண்ணின் பெயரில் விகாரைக்குத் தானம் கொடுத்திருக்கிறாள். பெயர் தெரியாததால் 'மட்டக்களப்பு அம்மா' என்று சொல்லிக் கொடுத்தார்களாம். விளங்குகிறதா மகனே? இங்கே தாய் உயிரோடு இருக்கிற மகளுக்காகக் குளத்தில் முழுகுகிறாள். அங்கே மகள் உயிரோடு இருக்கிற தாய்க்காகத் தானம் கொடுக்கிறாள். ஒரு மனிதன், கத்தி எடுக்காமல், கோயில் திறப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் சாகடித்து வைத்திருக்கிறான்.

உன் அம்மா இத்தனை வருடமும் உயிரோடுதான் இருந்தாள் என்று திலினியிடம் சொன்னேன். அம்மா எப்போது இறந்தார் என்று கேட்டாள். இந்த வருடம் மாசியில் என்றேன். இங்கிருந்து அந்த ஊருக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். காலையில் ஏறினால் பின்னேரம் வந்துவிடலாம் என்றேன். அவள் எழுந்து போய்க் கடையின் ஷட்டரை இழுத்து மூடினாள். இருட்டுக்குள் நின்று, "நீங்கள் இரண்டு பேரும் அழாதீர்கள். எனக்குக் கோபமாக இருக்கிறது. நீங்கள் அழுதால் நானும் அழுதுவிடுவேன், பிறகு கோபம் போய்விடும்" என்றாள். பெரியவர் கதிரையில் போய் உட்கார்ந்தார். தாய் இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் பிள்ளையை வாங்கியிருக்க மாட்டேன் என்றார். பிறகு தானே திருத்திச் சொன்னார். வாங்கியிருப்பேன், பிள்ளைக்காக அவ்வளவு காலம் காத்திருந்தோம், ஆனால் வருடத்துக்கு ஒரு தரமாவது கொண்டுவந்து காட்டியிருப்பேன் என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று நினைத்துத்தான் போனேன்.

போன மாதம் திலினியும் அந்தப் பெரியவரும் தேற்றாத்தீவுக்கு வந்தார்கள். அதை உன் மாமனார் உனக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன். பிரதான வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது நிரோசா. தாய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வந்தாறுமூலைக் கம்பஸ் ஹொஸ்டலில் சிங்களப் பிள்ளைகளோடு இருந்து படித்தவள், என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறாள். விறாந்தையில் கனகரெத்தினம் இருந்தார். எழுந்திருக்கவில்லை. ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "நான் அண்டைக்குச் செய்யாட்டி இது பசியிலயே செத்திரிக்கும். இப்ப பாரு, கட, படிப்பு, கழுத்துல சங்கிலி. கெட்டா போயிரிக்கி?" என்றார். அப்பன் ஆர் எண்டு சொல்லி வளக்கிற, என்ன குடி எண்டு சொல்லுற என்று இன்னும் ஏதேதோ சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன், அப்பன் ஆரெண்டு எனக்குத் தெரியும், தாலி கட்டக்குள்ள நான் பக்கத்துல நிண்ட. குடி நமக்குத் தாய் வழிதானே? நீங்க எந்தக் குடிக்கு வண்ணக்கரோ, அந்தக் குடிப் புள்ளதான் இது. ஒங்கட சொந்த மக்களுக்குக்கூட அந்தக் குடி இல்ல, அவங்க சரசு மச்சாள்ட குடி" என்றேன்.

அப்போது திலினி பேசினாள். சத்தம் போடவில்லை. நிரோசா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். "அப்பா, இவ கேக்கிறா, அம்மா செத்துட்டா எண்டு அவங்களுக்கு ஏன் சொன்னீங்க எண்டு." அவர் மகளைப் பார்த்தார். மகள் கண்ணை எடுக்கவில்லை. "அப்பிடிச் சொன்னாத்தான் மறுகா தேடி வர மாட்டாங்க" என்றார். நிரோசா அதை ஒரு சொல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னாள். தன் தகப்பனின் வாயிலிருந்து வந்ததை, மென்மையாக்காமல், மாற்றாமல் சொன்னாள். நீ கட்டப்போகிற பெண் எப்படிப்பட்டவள் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

திலினி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பின்னறையில் புவனாவின் கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்தாள். வெளியே வந்து, இது யாருடைய வீடு என்று கேட்டாள். உங்கள் அம்மாவின் வீடு என்றாள் நிரோசா. அப்படியென்றால் அம்மா ஏன் பின்னறையில் இருந்தார் என்று கேட்டாள். எனக்கு வீடு ஒன்றும் வேண்டாம், அம்மாவின் படம் ஒன்று தந்தால் போதும் என்று சொல்வாள் என்றுதான் அங்கே நின்ற எல்லோரும் எதிர்பார்த்தோம். உண்மையைச் சொன்னால் நானும்தான். அப்படிச் சொல்கிறவர்களைத்தானே நமக்குப் பிடிக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. "எனக்கு இந்த வீடு வேண்டும். லீவு நாட்களில் என் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னறையில் படுப்பேன்" என்றாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. நிரோசா அதையும் தமிழில் சொன்னாள். பிறகு, தன்னுடைய சொல்லாக, "அப்பா, எனக்கு இந்த வீட்ட எழுதாதீங்க. இன்னொருத்திட வீட்டுல நான் பொம்பிளையா இரிக்க மாட்டன்" என்றாள். கனகரெத்தினம் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். அன்றிலிருந்து மூத்த மகள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. சட்டப்படி அவளுக்கு ஒன்றும் இல்லை என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறார். இருக்கலாம். சட்டத்தை நானும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சரசு அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், எழுதுவதென்றால் திலினிக்கு எழுதட்டும், இல்லாவிட்டால் வீடு எவருக்கும் எழுதப்படாமல் கிடக்கட்டும் என்று. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் திலினி இரண்டு இரவு அந்த முன்னறையில் படுத்துவிட்டுத்தான் போனாள். வாசல் திறப்பு ஒன்றைச் சரசு அவளிடம் கொடுத்துவிட்டாள்.

இதற்குப் பிறகுதான் அவர் உனக்குப் போன் எடுத்திருக்கிறார். உங்கட அம்மா குடும்பத்தைக் குழப்புகிறா என்று. நீ உடனே என்னைப் பிடித்துக்கொண்டாய். முப்பது வருடம் பொய் சொன்ன மனிதனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை, தேடிப் போன என்னிடம் கேட்டாய். 'நல்லா இரிக்கிதானே' என்று நீ சொன்னது அவருடைய சொல், அவருடைய வாயிலிருந்து உன் வாய்க்கு வந்தது. மகனே, ஒரு ஆளுக்கு அநியாயம் செய்துவிட்டு, அந்த ஆள் பிழைத்துக்கொண்டதைத் தன் தருமமாகக் காட்டுகிற மனிதர்களை நீ இன்னும் நிறையப் பேரைக் காண்பாய். அவர்கள் சொல்லுக்குத் தலையாட்டாதே. நன்றாக இருப்பது திலினியின் கெட்டித்தனம், அவளை வளர்த்தவர்களின் நல்ல குணம். கனகரெத்தினத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. குடும்ப மானம் என்று எவராவது உன்னிடம் பேசினால், அந்த மானத்தால் வீடு யாருக்குக் கிடைக்கிறது என்று முதலில் பார்.

கலியாணத்தை நான் குழப்பவில்லை. நாள் அதே நாள்தான், பெண்ணும் அதே பெண்தான். என் மனதுக்கு முன்னைவிட இரண்டு மடங்கு பிடித்த பெண். வீடு மட்டும் இல்லை. மட்டக்களப்பு வங்கிக் கிளைக்கு மாற்றம் கிடைத்துவிட்டது, இனி வாடகை மிச்சம் என்று நீ கணக்குப் போட்டது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை அழித்துவிடு. நீ கட்ட நினைத்தது வீட்டையென்றால், அதை இப்போதே சொல். சேலை எடுக்குமுன் அந்தப் பிள்ளைக்கு நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும். திலினிக்கு அழைப்புச் சொல்லியாகிவிட்டது. மணவறைக்குக் கிட்ட, என்னோடு முன்வரிசையில் இருப்பாள். அவளை யாரென்று கேட்கிறவர்களுக்குப் புவனாவின் மகள் என்று சொல்வேன். உனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நீ பேசாமல் இரு.

நிரோசா உன்னுடைய பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. இன்று காலை கல்லடியில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போயிருக்கிறாள். இரண்டு அறை, வாவிப் பக்கம் யன்னல், மழைக்கு ஓரிடத்தில் ஒழுகுமாம். "மாமி, ரெண்டு பேருக்கு இது காணுமா?" என்று என்னிடம் போனில் கேட்டாள். என்னிடம் கேட்காதே பிள்ளை, அவனிடம் கேள் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் எடுப்பாள். வேறு கோல் வருகிறது என்று வைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா